மாமனார் இடுப்புக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்

கீழச்சாத்தனூரில் மாவு மில் நடத்திவந்த அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. வண்டி ஒன்று என்பதால் மூன்று பேரும் சேர்ந்துதான் அதை ஓட்டுவார்கள். மூத்தவன் பூவலிங்கம் முன்னால் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வான். நடுவில் உட்காரும் சித்திரவேலுக்கு, "இப்ப கியரை மாத்துண்ணே" என்று சொல்கிற வேலை. கடைக்குட்டி காத்தமுத்து பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, வந்த பாதை இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வருவான்.

மூவரும் தங்கமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். ஊருக்கு அவர்களால் ஏற்பட்ட கஷ்டமெல்லாம் அதனால்தான். ஒருநாள் ஒரு அம்மாள் மிளகாய் வற்றலைக் கொண்டுவந்து, "நைசா அரைச்சுக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூவரும் மில்லின் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் அரைத்து, முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போகச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். தூள் மட்டும் கொரகொரவென்று இருந்தது.

இந்தப் பூவலிங்கத்துக்கு ஒரு வழியாகப் பெண் அமைந்தது. பெண்ணின் பெயர் தெய்வானை. பெண் பார்க்கப் போனபோது அவள் காபி கொடுத்தாள், இவன் குடித்தான். அதற்கு மேல் இருவருக்கும் இடையே பேச்சு ஏதும் நடக்கவில்லை. தெய்வானையின் அப்பா நல்லதம்பி பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். பல காலம் டிரைவர் சீட்டில் குலுங்கிக் குலுங்கி அவருக்கு இடுப்பு எலும்பு விலகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதாகப் போனில் சொன்னவர், ஒரு நிபந்தனையும் போட்டார்.

"பஸ் ஸ்டாப்புல இருந்து உங்க ஊருக்கு வேற வண்டி இல்லையாமே. உங்க பைக்லதான் வரணும். குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. நான் வண்டியில வர்றதே எனக்குத் தெரியக் கூடாது. அப்படி வந்து சேர்ந்தேன்னா அங்கேயே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். வழியில இடுப்பு பிடிச்சுதுன்னா அப்படியே திரும்பிடுவேன். நாளைக்கு என் மகளும் அந்த வண்டியிலதானே போய் வரணும்."

பூவலிங்கம் போனை வைத்துவிட்டுத் தம்பிகளைப் பார்த்தான். காபி கொடுக்கும்போது தெய்வானை டம்ளரைத் துணியால் பிடித்துக் கொடுத்திருந்தாள், சுடக்கூடாது என்று. அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை.

மூவரும் வண்டியை மெயின் ரோட்டு மெக்கானிக் ஜமால் பாயிடம் கொண்டுபோனார்கள். அவர் அக்கா மகள் கல்யாணத்துக்காகக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். இருந்தாலும் வண்டியில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"இதுல எப்படிய்யா போறீங்க?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான் பாய் போறோம்" என்றான் பூவலிங்கம்.

"நீங்க அட்ஜஸ்ட் பண்ணி என்ன ஆகறது, வண்டியையில்ல அட்ஜஸ்ட் பண்ணணும். டயர்ல காத்தே இல்ல, நல்லாக் காத்துப் பிடிங்க. பின்னாடி ஷாக் அப்சார்பர் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு, அதை இளக்கி விடுங்க. பிரேக் சுத்தமாப் பிடிக்கல, என்னன்னு பாருங்க. பெரியவரைப் பின்னாடி உக்கார வச்சா எடை பூரா பின்னாடி போயி வண்டி ஆடும். முன்னாடியும் பின்னாடியும் எடை சமமா இருந்தாத்தான் ஆடாது. இவ்வளவுதான். எனக்கு பஸ் வந்துருச்சு."

அவர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மூவரும் சொன்னதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார்கள்.

முதல் வேலை காத்துப் பிடிப்பது. மில்லிலிருந்து காலிச் சாக்குகளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனார்கள். கரைமேல் நின்று சித்திரவேல் சாக்கின் வாயை விரிக்க, காத்தமுத்து கயிற்றோடு தயாராக நின்றான்.

"இருடா" என்றான் பூவலிங்கம். "இது எந்தப் பக்கத்துக் காத்து?"

"வடக்கேருந்து வருதுண்ணே."

"அப்ப வாடைக் காத்து. அதைப் பிடிச்சா அவரு இடுப்பு இன்னும் பிடிச்சுக்கும். தென்றல்தான் உடம்புக்கு நல்லது."

நியாயமான பேச்சு என்று மூவரும் தென்றலுக்காக உட்கார்ந்தார்கள். சாயங்காலம் காற்று திரும்பியது. சாக்குகள் புடைத்தன, கட்டினார்கள், தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வந்து பார்த்தால் சாக்குகள் தட்டையாகக் கிடந்தன.

"புதுக் காத்துல்ல, இடம் பழகாம திரும்பிப் போயிருக்கும்" என்றான் சித்திரவேல்.

"அதில்லடா. டயருக்குள்ள ஏற்கெனவே பழைய காத்து இருக்கு. இது எங்கே போய் உக்காரும்? முதல்ல அதைக் காலி பண்ணணும். இடம் இருக்குன்னு தெரிஞ்சா இது தானா வரும்" என்றான் பூவலிங்கம்.

இரண்டு டயரிலும் இருந்த கொஞ்சநஞ்சக் காற்றையும் இறக்கிவிட்டு, டயருக்குப் பக்கத்தில் சாக்குகளை வாய் திறந்து வைத்தார்கள். காற்று அன்றைக்கு வரவில்லை. வரும்போது வரட்டும் என்று அடுத்த வேலைக்குப் போனார்கள்.

ஷாக்கை இளக்க வேண்டும். அது கல் மாதிரி இருக்கிறது என்று ஜமால் பாயே சொல்லியிருந்தார். கல் மாதிரி இருப்பதை எப்படி இளக்குவது என்று யோசித்தார்கள்.

"கஷ்டத்தைச் சொன்னா இளகாத மனசு உண்டா?" என்றான் காத்தமுத்து.

அவனே பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா போனது, மில் மோட்டார் இரண்டு முறை எரிந்தது, அண்ணனுக்கு வரன் வரன் என்று அலைந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஷாக்கிடம் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த சித்திரவேல் விசும்பினான். பூவலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஷாக் அப்படியே இருந்தது.

"அதுக்குக் காது இல்லையோ என்னமோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் பூவலிங்கம். "உடம்பு இறுகியிருந்தா எண்ணெய் தேச்சு வெந்நீர் ஊத்துவோம்ல, அதையே செய்வோம்."

விளக்கெண்ணெயைக் காய்ச்சி இரண்டு ஷாக்கிலும் நீவித் தேய்த்தார்கள். வழிந்தது சக்கரத்தில் இறங்கியது. அதற்கும் சேர்த்து வெந்நீர் ஊற்றித் துவட்டி விட்டார்கள்.

அடுத்தது பிரேக். அதுதான் அவர்களைக் கொஞ்சம் வருத்தப்பட வைத்தது.

"பிரேக் பிடிக்கலைன்னாரே, யாருக்கு எதைப் பிடிக்கலையாம்?" என்று கேட்டான் சித்திரவேல்.

"பிரேக்குக்குத்தான் பிடிக்கல. நாம செருப்புக் காலோட மிதிக்கிறோம்ல. எனக்கே பிடிக்காது" என்றான் காத்தமுத்து.

காலைக் கழுவி, வெறுங்காலோடு, மன்னிப்புக் கேட்டபடி பூவலிங்கம் மிதித்துப் பார்த்தான். தம்பிகள் தள்ளிவிட்ட வண்டி, எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்த தெம்பில், நிற்காமல் போய் வைக்கோல் படப்பில் முட்டியது. சித்திரவேல் மிதித்தான். அதே படப்பு. காத்தமுத்து மிதிக்காமல் கையால் தடவிக் கொடுத்தான். படப்பு சரிந்து மூவர் மேலும் விழுந்தது.

வைக்கோலுக்குள் இருந்தபடியே பூவலிங்கம் சொன்னான்: "நம்ம மூணு பேரையுமே அதுக்குப் பிடிக்கல. பிடிக்காதவங்களைப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாதுடா. இனிமே யாரும் அதைத் தொட வேண்டாம்."

"அப்ப வண்டி எப்படிண்ணே நிக்கும்?"

"பின்னாடி ஒரு கயித்தைக் கட்டி நீ பிடிச்சுக்க. உனக்கு என்னைப் பிடிக்கும்ல?"

"பிடிக்கும்ண்ணே" என்றான் காத்தமுத்து. வண்டிக்குப் புது பிரேக் கிடைத்துவிட்டது.

கடைசி வேலை எடை. நல்லதம்பி ஐயா ஒரு அரிசி மூட்டை கனம் இருப்பார் என்று கல்யாணத் தரகர் எப்போதோ சொல்லியிருந்தார். மில்லில் பழைய அரவைக் கல் ஒன்று சும்மா கிடந்தது. அதுவும் அரிசி மூட்டைக் கனம்தான். அதை ஹேண்டில்பாருக்கு முன்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கினார்கள். உடனே வண்டி மூக்கைத் தரையில் குத்தி, பின் சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு நின்றது.

மூவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள்.

"சரியாத்தான் இருக்கு" என்றான் சித்திரவேல். "மாமா இன்னும் வரல இல்ல, அந்தக் குறைதான் தெரியுது."

மாமா வரும்வரை அவர் இடத்தில் ஓர் அரிசி மூட்டையை வைத்தார்கள். வண்டி கிடையாக நின்றது. மூட்டைக்கு அடியில் அப்பா காலத்து இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டியதும் வேலை முடிந்தது.

அந்த நாள் வந்தது. நல்லதம்பி பஸ்ஸிலிருந்து இறங்கினார். கூடவே தெய்வானையும் இறங்கினாள். அப்பாவைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. இருவரும் வண்டியைப் பார்த்தார்கள். முன்னால் அரவைக் கல், நடுவில் மெத்தை, மெத்தையின் மேல் அரிசி மூட்டை, பின்னால் இடுப்பில் கயிற்றோடு காத்தமுத்து.

"இந்த மூட்டை எதுக்கு?" என்றார் நல்லதம்பி.

"அது நீங்கதான் மாமா" என்றான் சித்திரவேல், மரியாதையோடு மூட்டையை இறக்கி, வண்டி மூக்குக் குத்துவதற்குள் அவரை ஏற்றி உட்கார வைத்தான்.

மெத்தை மெத்தென்று இருந்ததால் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அப்போது பூவலிங்கம் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கண்ணைச் சுற்றிக் கட்டத் தொடங்கினான்.

"என்ன மாப்ளே இது?"

"வண்டியில வர்றதே உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல மாமா."

நல்லதம்பி யோசித்தார். சொன்னது அவர்தான். டிரைவராக இருந்தவருக்குச் சொன்ன பேச்சை மாற்றிப் பழக்கமில்லை. "சரி, காதை விட்டுக் கட்டுங்க" என்றார்.

பூவலிங்கம் வண்டியைக் கிளப்பினான். காற்றில்லாத டயரையும், கல்லையும், மாமனாரையும் சேர்த்து இழுக்கச் சொன்னதும், மூட்டையோடு வந்ததிலேயே களைத்திருந்த எஞ்சின் ஒரு முறை முக்கியது, ஒரு முறை முனகியது, நின்றுவிட்டது. எவ்வளவு உதைத்தும் எழுந்திருக்கவில்லை. பூவலிங்கத்துக்கு முகம் வெளிறிவிட்டது. கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டதாக நினைத்தான். என்ன செய்வது என்று தெரியாமல் தெய்வானையைப் பார்த்தான்.

அவள் ஒரு அடி நெருங்கி வந்து மெல்லச் சொன்னாள்: "தள்ளுங்க."

அவன் உடனே தள்ளி நின்றான்.

"உங்களையில்ல. வண்டியை."

இறக்கி வைத்த அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பூவலிங்கம் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒருபக்கமும், சித்திரவேல் மறுபக்கமும் தள்ள, வண்டி நகர்ந்தது. நல்லதம்பிக்கு எதுவும் தெரியவில்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"எத்தனையோ பேரு கியர் போட்டுப் பார்த்திருக்கேன். இப்படி மாத்தறதே தெரியாம மாத்தறவனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "எஞ்சின் சத்தமே காணோமே" என்றார்.

"நல்லா ட்யூன் பண்ணியிருக்காங்கப்பா" என்றாள் தெய்வானை.

"பேச்சு இவ்வளவு பக்கத்துல கேக்குதே. நீ எதுலம்மா வர்றே?"

"கூடவேதான்பா வர்றேன்."

பெரியவர் அந்த ஆட்டத்தில் அப்படியே கண்ணயர்ந்தார். வண்டி ஓடியிருந்தால் பூவலிங்கம் அவரோடு முன்னாலேயே போயிருப்பான், தெய்வானை பின்னால் தனியாக நடந்து வந்திருப்பாள். ஓடாததால் அவனுக்குப் பக்கத்திலேயே அவள் நடந்தாள். பெண் பார்த்த அன்று பேசாத பேச்செல்லாம் இந்தக் கல்லும் குழியுமான ரோட்டில் நடந்தது. மில்லில் எந்த மாவு வாசனை பிடிக்கும் என்று அவள் கேட்டாள். கம்பு மாவு என்றான். காபி ரொம்ப சூடாக இருந்ததா என்று கேட்டாள். அதெல்லாம் அவனுக்கு ஞாபகமில்லை, துணி நீலக் கலர் என்றான்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "என்னைப் பிடிச்சிருக்கா?"

பூவலிங்கம் தன் கைகளைப் பார்த்தான். "இல்லீங்க. ரெண்டு கையாலயும் வண்டியைத்தான் பிடிச்சிருக்கேன்."

தெய்வானை வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிட்டாள். அவள் அழுகிறாளோ என்று அவன் பதறிப்போய்க் கையை விட்டான். விட்ட இடம் பாலத்து இறக்கம்.

வண்டி தானாக ஓடத் தொடங்கியது. சித்திரவேல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கூடவே ஓடினான். காத்தமுத்து கயிற்றை இழுத்துப் பிடித்துக் குதிகாலை ஊன்றினான். செருப்பு இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன, அவன் மட்டும் வண்டியோடு போனான். நல்லதம்பி விழித்துக்கொண்டு, "டாப் கியர் போட்டுட்டான் போல" என்று சந்தோஷப்பட்டார். இறக்கம் முடிந்து மணலில் சக்கரம் புதைந்ததும் வண்டி மெத்தென்று நின்றது. பிரேக் போட்டதும் தெரியவில்லை என்று அதற்கும் ஒரு பாராட்டு.

வீடு வந்தது. அதாவது, வீட்டில் மீதி இருந்தது வந்தது. ஓட்டில் பாதியைப் போன வருஷம் குரங்குகள் பிரித்திருந்தன. சமையலறைச் சுவர் ஒன்று கொல்லைப்புறமாகப் படுத்திருந்தது. வாசற்கதவு நிலையோடு சேர்ந்து சாய்ந்திருந்ததால், உள்ளே போகிறவர்களும் சாய்ந்துதான் போக வேண்டும்.

"மாமா, வீடு வந்துருச்சு" என்றான் பூவலிங்கம். "இறங்குனீங்கன்னா வண்டி மூக்குக் குத்திரும். அதுதான் யோசனையா இருக்கு."

"வேண்டாம்யா. இறங்கி ஏறும்போதுதான் இடுப்பு பிடிக்கும். இங்கேருந்தே பார்த்துக்கிறேன்."

"அப்ப துண்டை அவுக்கவாண்ணே?" என்றான் காத்தமுத்து.

அண்ணன் தம்பிகள் இதை அலசினார்கள். வண்டியில் இருக்கும்வரை வண்டியில் இருப்பது தெரியக் கூடாது என்பது பேச்சு. அவர் இன்னும் வண்டியில்தான் இருக்கிறார். ஆகவே அவிழ்க்க முடியாது என்று முடிவானது. நல்லதம்பியும் அது சரிதான் என்றார். துண்டுக்குள்ளிருந்து வீட்டை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார்.

"நீ என்னம்மா சொல்றே?" என்று மகளைக் கேட்டார்.

தெய்வானை வீட்டைப் பார்த்தாள். பிறகு பூவலிங்கத்தைப் பார்த்தாள். அவன் உள்ளங்கை இரண்டும் வண்டி தள்ளிச் சிவந்திருந்தன. அப்படியிருந்தும் அவளிடம் வேலை வாங்கக் கூடாது என்று அரிசி மூட்டையை அவனே தலையில் சுமந்து வந்திருந்தான். அதை பஸ் ஸ்டாப்பிலேயே விட்டுவந்திருக்கலாம் என்பது மூவருக்கும் தோன்றவில்லை.

"நல்ல வெளிச்சமான வீடுப்பா" என்றாள். "நல்ல காத்தோட்டம். மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணிக் கஷ்டமே இருக்காது."

"அது போதும்மா. நம்ம வீட்டுல குழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு" என்றார் நல்லதம்பி.

வெற்றிலை பாக்குத் தட்டை வண்டிமேல் வைத்தே மாற்றிக்கொண்டார்கள். வரும் மாதம் பெண் வீட்டில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். பலகாரத்தைப் பெரியவருக்கு ஊட்டிவிட்டு, வந்த மாதிரியே பஸ் ஸ்டாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அங்கே போனதும் மறுபடியும் சிக்கல். அவர் இறங்கினால் கல் வண்டியைக் கவிழ்த்துவிடும். கல்லை எடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. மூவரும் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். பஸ் தூரத்தில் தெரிந்தது.

"முதல்ல கல்லை இறக்குங்க. அப்பா தானா இறங்கிடுவாரு" என்றாள் தெய்வானை.

கல்லை அவிழ்த்தார்கள். வண்டி முன் சக்கரத்தைத் தூக்கிப் பின்னால் சாய, நல்லதம்பி மெத்தையோடு வழுக்கிக்கொண்டே வந்து, தரையில் மெத்தைமேல் சம்மணமாக உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார்கள். அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். வலி இல்லை.

"இப்படி ஒரு வண்டியில நான் உக்காந்ததே இல்ல மாப்ளே. இனிமே இதுல எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லி, பூவலிங்கத்தின் தோளைத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.

தெய்வானை படியில் நின்று திரும்பினாள். "கல்யாணத்துக்கும் இந்த வண்டியிலதான் வருவீங்களா?"

"மாமா எதையும் மாத்தக் கூடாதுன்னுட்டாருங்களே."

"அப்ப நீங்க தள்ளிக்கிட்டு வர்ற வேகத்துக்கு இப்பவே கிளம்பினாத்தான் முகூர்த்தத்துக்கு வந்து சேருவீங்க" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பஸ் புறப்பட்டது. அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவலிங்கம் மெத்தையைச் சுருட்டி வண்டியில் கட்டினான். மூவரும் சேர்ந்து கல்லைத் தூக்கி முன்னால் கட்டினார்கள். பின்னால் எடை வேண்டுமே என்று காத்தமுத்து மெத்தைமேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.

கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த தெய்வானை திரும்பிப் பார்த்தாள். பஸ் கிளப்பிய புழுதிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் மெல்ல மெல்ல அவள் ஊரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, மில்லைப் பூட்டலையே" என்றான் சித்திரவேல், மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே.

"பூட்டிட்டு வர்றதுக்கெல்லாம் ஏதுடா நேரம்" என்றான் பூவலிங்கம். "தாலி கட்டிட்டு வந்து பூட்டிக்கலாம்."